வெளுக்காது என்று நாங்கள் விற்ற மரம்

மரத்துக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் முதலில் வெளுப்பது மரமில்லை, விற்கிறவரின் முகம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. உங்களில் யாராவது, தான் முழுதாக நம்பாத ஒரு சரக்கை வாடிக்கையாளர் முன்னால் நின்று புகழ்ந்திருந்தால், அன்றைக்குச் சோறு தொண்டையில் எப்படி இறங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் ஒரே கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன சரக்கு என்று சொல்லிவிடுகிறேன். மரத்தை அப்பளம் போல மெல்லிசாகச் சீவி எடுத்த தாளுக்கு வெனீர் என்று பெயர். அதை மலிவான பலகையின் மேல் ஒட்டினால் முழுப் பலகையும் நல்ல மரமாகத் தெரியும். எங்கள் கொட்டகைக்கு வந்தது சோகை பிடித்ததுபோல் வெளிறிய ரப்பர் மர வெனீர். அதைச் சாயத்தொட்டியில் ஊறவைத்து தேக்கு, வால்நட் என்று கேட்ட நிறத்துக்குக் கொண்டுவருவோம். பலகையில் ஒட்டிய பிறகு மேலே ஒரு பூச்சு அடிப்போம். அந்தப் பூச்சில் துத்தநாக ஆக்சைடின் மிக மிக நுண்ணிய துகள்கள் இருக்கும். அதற்குத்தான் நானோ பூச்சு என்று பெயர். வெயிலில் சாயம் வெளுக்காது, மலேசியாவின் கேமரன் மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காது என்பது விற்பனைப் பேச்சு.

கொட்டகை கோலா தெர்லாவில், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவில் இருந்தது. கீழே வரும் முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. பூச்சு அடிக்கும் சரசு அக்கா சொல்லிக் கேட்டதுதான். சரசு அக்கா ஒரு கதையை இரண்டாவது தடவை சொல்லும்போது அது கொஞ்சம் சதை போட்டிருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நீங்களோ, நானோ

பூச்சு விற்கும் கம்பெனியிலிருந்து கோலாலம்பூர் ஆள் ஒருவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தாராம். பூச்சு அடித்த பலகையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். சேம்பு இலையில் உருளுவது மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். மேனேஜர் குணா சார் அதைத் தமிழில் சொன்னார். "இதுக்குள்ள நானோ இருக்கு. மரத்தைக் காப்பாத்தப் போறது நானோதான்," என்றார்.

தமிழில் அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். சாயத்தொட்டிப் பக்கம் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குணா சார் விடவில்லை. "சிரிக்காதீங்க. இனிமே இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் போறதும் நானோதான்," என்றார். சரசு அக்கா கை உறையைக் கழற்றாமலே கேட்டாராம்: "நீங்களோ வேற யாரோ சார், எங்களுக்கென்ன? இந்த நாத்தத்தை மூஞ்சியில வாங்கிக்கிட்டு அடிக்கப் போறது நானோன்னு மட்டும் சொல்லிடுங்க."

குழாயில் தண்ணீர்

நேர்முகத் தேர்வுக்கு அப்பாவும் கூட வந்தார். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். லைன் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மரமும் மர வேதியியலும் படித்தேன். வேலை கிடைக்கிற படிப்பா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "மரம் இல்லாத வீடு எங்க இருக்கு?" என்று பதில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

குணா சார் என் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முதல் வருஷம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்றார். நிரந்தரமானவர்களுக்குக் கொட்டகைக்குப் பின்னால் கம்பெனி வீடு உண்டு. ஒன்று காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். என் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. வருஷக் கடைசியில் அப்பா ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இருந்த வீடு என்றாலும் அது எங்களுடையது இல்லை. நான் நிரந்தரமானால் எங்களுக்கு ஒரு கூரை. இல்லையென்றால் இல்லை. அந்த ஒரு வருஷம் நான் வாய் திறந்தபோதெல்லாம், திறக்காதபோதெல்லாம், தலைக்குள் அந்தக் கூரைதான் இருந்தது.

வெளியே வந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். அவர் அதற்குள் காலி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துக் குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டிருந்தார். "தண்ணி நல்லா வருது பாப்பா," என்றார். "திரும்ப உள்ள போய் அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வா."

தே ஓ கோசோங்

பிரிஞ்சாங்கில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கடைச் சுவருக்கு தே ஓ நிறத்தில் வெனீர் வேண்டும் என்றார். தே ஓ என்றால் இங்கே பால் விடாத தேநீர். சுற்றுலாக்காரர்கள் வந்து சுவர் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டுமாம். இரண்டு சாயத்தைக் கலந்து, ஊறவிடும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து, மூன்று மாதிரிகள் செய்துகொண்டு போனேன். அவர் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தே ஓ ஊற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுவில் இருந்த துண்டு அச்சு அசல். எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான்கு வருஷம் படித்த வேதியியல் எல்லாம் கையில் ஒரு மரத்துண்டாக நிற்கிறேன். "நிறம் சரியில்லையா சார்?" என்று கேட்டேன். "நிறம் சரிதான்மா. ஆனா இது சீனி போட்ட தே ஓ," என்றார். "நான் கேட்டது கோசோங். சீனி இல்லாதது. படிச்ச பிள்ளை, இது கூடவா பார்த்தா தெரியலை?"

வெயில் இல்லாத ஊர்

எதையும் சொல்வதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். பூச்சு அடித்த பலகையைச் சில மாதங்கள் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வெளுக்காது என்று சொல்லலாம் என்று குணா சாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டால் வாத்தியார் சிரிப்பதுபோல் சிரித்தார். பூச்சு விற்றவன் சோதித்திருப்பான், நீ சாயத்தொட்டியைப் பார், ஸ்பிரே அறைப் பக்கம் போகாதே, வாடிக்கையாளர் வந்தால் மட்டும் முன்னால் வந்து நில் என்றார். பட்டதாரி சொன்னால் ஜனங்கள் நம்புவார்களாம்.

அன்றிலிருந்து கொட்டகையில் எனக்குப் பெயர் டிகிரி. "டிகிரியைக் கூப்பிடு, கஸ்டமர் வந்திருக்காங்க." நான் துணிச்சலைத் திரட்டி, மலையில் மேகம் மூடியிருந்தாலும் சூரியனின் புற ஊதாக் கதிர் இறங்கும், உயரம் கூடக் கூட அது கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மலை, தேயிலை, லாரி எதுவும் தெரியாமல் வெள்ளையாக மூடியிருந்தது. "வெயிலே வராத ஊர்ல உக்காந்துக்கிட்டு வெயிலுக்குப் பயப்படுற ஒரே ஆளு நீதான், டிகிரி."

லைன் பிள்ளை

இனி வருவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

கம்போங் ராஜா பக்கத்தில் எங்கள் சர்ச் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. பலிபீடத்துக்குப் பின்சுவர் ஈரத்தில் பொரிந்துபோய், மர வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். செயலாளர் செல்வமணி அங்கிள், ஒரு காலத்தில் காய்கறி லாரி ஓட்டியவர், கமிட்டியோடு எங்கள் கொட்டகைக்கு வந்தார். குணா சார் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஞாயிறு வகுப்பில் பாட்டுச் சொல்லித்தந்தவர் அதில் ஒருவர். என் பல்கலைக்கழகப் பயணத்துக்குப் பெட்டி வாங்கித் தந்தவர் இன்னொருவர்.

பலகையை எடுத்துக் காட்டினேன். எந்த மரம், என்ன சாயம், என்ன பூச்சு என்று உள்ளதைச் சொன்னேன். வெளுக்குமா என்று செல்வமணி அங்கிள் கேட்டார். தயாரித்த கம்பெனி வெளுக்காது என்று சொல்கிறது என்றேன். அப்படித்தான் சொன்னேன், ஒரு சொல் கூடக் கூட்டவில்லை. ஆனால் கேட்டவர்கள் காதில் 'கம்பெனி' என்ற சொல் விழவில்லை. அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அப்புறம் என்னப்பா பேச்சு? நம்ம லைன் பிள்ளை சொல்லுது, வெளுக்காதுன்னு. போட்டுடலாம்."

அடையாளம்

ஈஸ்டருக்கு முன்னால் சுவர் வேலை முடிந்தது. கருந்தேக்கு நிறம். நடுவில் பழைய மரச் சிலுவையை மாட்டினார்கள். கிழக்குப் பக்கத்து ஜன்னல்களிலிருந்து காலை வெளிச்சம் விழும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா முதல் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஒரு சந்தேகம். சுவர் போன வாரத்தைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கிறதா, இல்லை என் பயமா? தினமும் பார்க்கும் முகம் மெலிவது தெரியாது என்பார்களே, அந்த மாதிரி.  

கிறிஸ்துமஸுக்குத் துடைத்துச் சுத்தம் செய்யச் சிலுவையைக் கழற்றினார்கள். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றவர் "ஆண்டவரே!" என்று கத்தினார். சுவர் முழுதும் வெளுத்த சாயத்தண்ணீர் நிறம். சிலுவை மாட்டியிருந்த இடம் மட்டும், போட்ட அன்றைய கருந்தேக்கில், விளிம்பு பிசகாமல் ஒரு சிலுவை. பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த மரியம்மா ஆன்ட்டி அப்படியே முழங்காலில் விழுந்தார். "அற்புதம்! அற்புதம்!" என்றார். இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள் யாருக்கோ அனுப்பியும் விட்டார்.

வெளிச்சம் படாத இடம் வெளுக்கவில்லை, அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். முழங்காலில் இருப்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? செல்வமணி அங்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், லாரிக்காரர் இல்லையா, வெயிலில் பெயிண்ட் போவது அவருக்குத் தெரியும். துடைப்பத்தோடு நின்ற என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஆண்டவர் அடையாளம் காட்டியிருக்காருதான் பாப்பா. யாரோட அடையாளம்னுதான் இவங்களுக்குத் தெரியலை."

கச்சாவ்

மறுநாள் முதல் தடவையாக ஸ்பிரே அறைக்குள் போனேன். தடுக்க குணா சார் இல்லை, ஈப்போ போயிருந்தார். சரசு அக்கா பூச்சு டிரம்மின் மூடியைத் திறந்து, மேலாக ரப்பர் குழாய் போட்டு, தண்ணீர் மாதிரி தெளிந்த பூச்சை அலுங்காமல் எடுத்துக்கொண்டிருந்தார். துகள்கள் கலந்த பூச்சு இளம் பால் மாதிரி இருக்க வேண்டும்.

"அக்கா, இதைக் கலக்குறதில்லையா?"

"நல்லா இருக்கே கதை! தேயிலைக் காட்டுல அத்தனை வருஷம் மருந்து அடிச்சவ நான். கலங்கினதை ஊத்தினா பம்பு மூக்கு அடைச்சுக்கும், கங்காணி கத்துவாரு. தெளிய வச்சு மேலால எடுக்கணும் தங்கச்சி."

"இது அந்த மருந்து இல்லக்கா. இதுல இருக்கிற சத்தெல்லாம் அடியில தங்கிடும். கலக்கித்தான் அடிக்கணும். யாரும் சொல்லலையா?"

"சொல்லாம என்ன? சார் எழுதியே தொங்கவிட்டிருக்காரே. தொடாதேன்னு."

டிரம்மின் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. குணா சாரின் கையெழுத்தில், மலாயில், ஒரே ஒரு சொல்: கச்சாவ்.

மலாயில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. பானையில் கஞ்சியைக் கிண்டுவதும் கச்சாவ்தான், ஒருத்தரைத் தொந்தரவு செய்வதும் கச்சாவ்தான். எங்கள் தோட்டத்துத் தமிழுக்கு இரண்டாவது மட்டும்தான் குடிவந்தது. "தூங்குற பிள்ளையைக் கச்சாவ் பண்ணாதே" என்போம். "அவன் சரியான கச்சாவ்" என்றால் வம்புக்காரன். விஷ மருந்தோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் முன்னால் ஒரு டிரம்மில் அந்தச் சொல்லை மட்டும் மாட்டினால் என்ன புரியும்? கை வைத்தால் வம்பு. குணா சார் எழுதியது 'கிண்டு'. சரசு அக்கா படித்தது 'சீண்டாதே'. ஆக, சர்ச் சுவரில் நாங்கள் அடித்தது துகளே இல்லாத வெறும் பசை.

அடியில் தங்கியதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையா கெடந்துச்சு. வீணாக்குவானேன்னு நம்ம கக்கூஸுக்கு அடிச்சேன்," என்றார். "போய்ப் பாரு டிகிரி. கதவுல தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருளுது, ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. உங்க நானோ சார் அங்கதான் குடியிருக்காரு."

ஒரு பேர் வேண்டும்

சர்ச் கமிட்டியின் புகார் ஈப்போவில் இருக்கும் தவுக்கேவுக்குப் போய்விட்டது. எங்கள் முதலாளியை அப்படித்தான் சொல்வோம். சீனர், மாதம் ஒரு தடவை வருவார். அவர் வருகிற காலை குணா சார் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. மேசைமேல் காலி வீட்டுச் சாவி கிடந்தது. வேண்டுமென்றே வைத்தாரா, எப்போதும் அங்கேதான் கிடக்குமா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. என் ஒரு வருஷம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

சொன்னதைக் கேட்காமல் சரசு தன் இஷ்டத்துக்கு வேலை செய்தாள் என்று நான் தவுக்கேவிடம் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த ஆள் சொன்னால் அதோடு முடிந்துவிடும். "அவங்களுக்குச் சரியா சொல்லித் தரலையே சார்," என்றேன். "எழுதி மாட்டினேன்ல?" என்றார். "அவங்களுக்கு அது வேற மாதிரி புரிஞ்சிடுச்சு." அவர் சாவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தவுக்கேவுக்குக் கதை வேண்டாம் டிகிரி, ஒரு பேர் வேணும். அது அவ பேரா, உன் பேரான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

உண்மையைச் சொன்ன நாள்

தவுக்கேவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி, நாக்கு குழறி, மலாயில் விளக்கி, நடுவில் தமிழும் வந்துவிட்டது. அட்டையைக் காட்டினேன். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தத்தில் புழங்குகிறது, தேயிலைக் காட்டில் மருந்து எப்படி எடுப்பார்கள், ஸ்பிரே அறையில் யாருக்கும் பயிற்சி தரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அறை வாசலில் சரசு அக்காவும் மற்றவர்களும் நின்றார்கள். தவுக்கே பொறுமையாகக் கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். கச்சாவ் என்றால் கலக்குவது, இது கூடத் தெரியாதவர்கள் மலேசியாவில் இருக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். குணா சாரும் சிரித்தார். வாசலில் நின்றவர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த வாரமே தீர்ப்பு வந்தது. குணா சார் அதே நாற்காலியில். சரசு அக்காவைப் பூச்சு வேலையிலிருந்து எடுத்து, பலகை கட்டும் இடத்தில் போட்டார்கள். டிரம்முக்குப் புது அட்டை வந்தது, ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும். தமிழில் இல்லை. எனக்கு, தற்காலிகத்தை நிரந்தரமாக்க இப்போது வாய்ப்பில்லை என்றார்கள். நான் நேர்மையான பெண்ணாம். வேறு இடத்தில் நன்றாக வருவேனாம்.

என் பொருட்களை எடுத்துக்கொண்டு சரசு அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவர் என் கையைப் பிடித்து, நீ எனக்காகப் பேசினாய் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பலகைக்குக் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை. "நீ சும்மா இருந்திருந்தா சாரு என்னைத் திமிர் பிடிச்சவன்னு சொல்லியிருப்பாரு. அதோட வேலை போயிருக்கும், போகட்டும். வெளியில போய் ஆமாடா திமிருதான்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்," என்றார். பல்லால் கயிற்றை அறுத்தார். "நீ உண்மையைத்தான் சொன்ன தங்கச்சி. ஆனா அத்தனை பேரு முன்னாடி, சரசு ஒரு மக்குன்னு மூணு பாஷையில சொன்னியே, அதுவும் அந்த உண்மையிலதான் சேர்ந்து வந்துச்சு."

கம்போங் ராஜாவில் ஒரு ஜன்னல்

அப்பா ஓய்வு பெற்றார். தோட்டத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் ஒப்படைத்தோம். இப்போது கம்போங் ராஜாவில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறையில் இருக்கிறோம். வீடு முழுக்க யூரியா வாசனை. அப்பா காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் சில நாள் வரும், சில நாள் வராது. நான் ஒரு காய்கறி மொத்த வியாபாரியிடம் அலுவலக வேலை பார்க்கிறேன். சர்ச் சுவருக்குச் செல்வமணி அங்கிள் திரை போட்டுவிட்டார். அற்புதத்தைப் பார்க்க ஈப்போவிலிருந்து கூட இன்னும் ஆட்கள் வருகிறார்களாம், திரையை விலக்கிக் காட்டுகிறார்களாம். அம்மா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் உள்ளே போவதில்லை என்று சொல்ல மாட்டேன். தாமதமாகப் போய்ச் சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் விடாமல் செய்து பார்த்தேன். கொட்டகையை விட்டு வரும்போது கழித்துப்போட்ட வெனீர்த் துண்டு இரண்டை, குணா சாரிடம் கேட்டுத்தான், எடுத்து வந்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே கருந்தேக்குச் சாயம். ஒன்றில் டிரம்மின் மேலாக இருந்த தெளிவையும், இன்னொன்றில் அடிவரை நன்றாகக் கலக்கிய பூச்சையும் நானே அடித்திருந்தேன். இரண்டிலும் பாதியை அட்டையால் மூடி, உரக்கடை மாடியின் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். ஜன்னல் ஆய்வுக்கூடம் இல்லை, இரண்டு துண்டு போதாது, எல்லாம் எனக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்து அட்டையை எடுத்தபோது இரண்டுமே வெளுத்திருந்தன. அதிகமாக வெளுத்தது கலக்கி அடித்த துண்டு. நம்பாமல், எனக்கு மர வேதியியல் சொல்லித்தந்த ஆசிரியையைப் போனில் பிடித்துக் கேட்டேன். அந்தத் துகள்களுக்குத் தனியாக ஓர் உறை போடாவிட்டால், வெளிச்சம் படும்போது அவையே சாயத்தைச் சிதைக்கக்கூடும், இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றார் அவர். எங்கள் டிரம்மில் இருந்தவற்றுக்கு உறை இருந்ததா என்று பூச்சு விற்ற கம்பெனியைக் கேட்டேன். இந்த மலிவு ரகத்துக்கு உறை கிடையாது, வெயில் விழும் சுவருக்கு இதை நாங்கள் சொல்வதே இல்லை என்று அங்கே போனை எடுத்த பெண் சொன்னாள்.

ஆக, எங்கள் சர்ச் சுவர் கிறிஸ்துமஸ் வரைக்குமாவது ஏதோ ஒரு நிறத்தில் நின்றதென்றால், அதற்குக் காரணம் சரசு அக்கா அந்த டிரம்மைக் கலக்காமல் விட்டதுதான். அதைத்தான் நான் தவறு என்று மூன்று மொழியில் நிரூபித்துவிட்டு வீடில்லாமல் வந்தேன்.